பதினான்காம் வார்டின் வெளிநடப்பு

என் பெயர் ஏசுபாதம். கூடுவாஞ்சேரி முதல் கருங்குழி வரை வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் நகராட்சியில் பதினான்காம் வார்டு கவுன்சிலரும் நான்தான். இந்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வெளிநடப்பு ஒன்றைத்தான். நான் படியிறங்குவதைப் பார்த்தாலே எதிர்க்கடைக்காரர் டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்.

தற்காலிக ஊழியர்களைத் தலைவரே நியமிக்கக் கூடாது, மன்றத்தில் ஓட்டெடுத்துத்தான் நியமிக்க வேண்டும், அதற்கு விதியை மாற்றுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். தலைவர் காதிலேயே வாங்கியதில்லை. போன புதன்கிழமையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, முதல் நாளே கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். "கைய இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று என் மனைவி சாராள்கூடத் திருத்தம் சொன்னாள்.

கூட்டத்தில் தலைவர் வாயைத் திறந்ததும் கையிலிருந்த தாளைக் கிழித்தெறிந்து, "ஜனநாயகப் படுகொலை!" என்று முழங்கிவிட்டு வெளியேறினேன்.

டீ பாதி குடித்திருப்பேன். எங்கள் அணிக் கவுன்சிலர் கலைவாணன் ஓடிவந்தார்.

"இன்னா அண்ணாத்த, இங்க இன்னா பண்ணிகினு கீற? உன் விதிய ஓட்டுக்கு வுட தலைவரே ஒத்துக்கினாரு. பத்துக்குப் பத்துன்னு நின்னு, தலைவரோட கடைசி ஓட்டால தோத்துட்டோம். இன்னும் ஒரே ஒரு ஓட்டு இருந்தா ஜெயிச்சிருப்போம்!"

எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஓட்டுப் போடாம ஓடிப்போன அந்த ஒருத்தன் எவன்?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நம்ம கடையிலதான் குந்திகினு கீறாரு."