இழுப்பறைக்குள் அடிக்கும் ஃபோன்

இந்த நாட்டில் காய்ச்சல் மாத்திரை வாங்கினாலும் ஃபோன் நம்பர் கேட்கிறார்கள். கல்யாணமாகி மலேசியாவின் கோல சிலாங்கூருக்கு வந்த புதிதில் மருந்துக் கடைக் கல்லாவில் நின்ற மலாய்ப் பெண் என்னைப் பார்த்து, "நொம்போர் தெலிஃபோன்?" என்றாள். மாத்திரைக்கும் ஃபோனுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் நான் டப்பாவை அவளிடமே திருப்பி நீட்டினேன். எனக்கு அந்த மாத்திரை பிடிக்கவில்லை என்று நினைத்து, அவள் உள்ளே போய் வேறொரு டப்பா கொண்டுவந்தாள். கடைசியில் வெளியே வண்டியில் இருந்த என் கணவர் வந்து தன் எண்ணைச் சொன்னார். அவர் பெயரில் ஏதோ சலுகைப் புள்ளிகள் ஏறின, நான் இரண்டு டப்பாக்களோடு வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு பழகிவிட்டது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தோடு விற்கிறவர் கேட்பார், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், சத்துமாவு விற்கிறவரும் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் கேட்காமல் விடமாட்டார்கள். இங்கே யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. கொடுத்த கையோடு அங்கேயே நின்று ஒரு மிஸ் கால் அடித்துப் பார்ப்பார்கள். "வந்துச்சா? சேவ் பண்ணிக்குங்க." ஆகவே வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பொய் நம்பராக இருந்தாலும் அது மணி அடித்தாக வேண்டும்.

அந்த மணி எங்கள் கடையில்தான் அடித்தது. என் நாத்தனார் கமலா, டவுனில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே ரவிக்கை தைக்கிறேன். துணி வாங்கி அளவெடுப்பவள் ஷர்மினி, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கடை இழுப்பறையில், ஜிப்புகளுக்கும் ஊக்குகளுக்கும் அடியில், திரையில் விரிசல் விட்ட ஒரு பழைய ஃபோன் கிடக்கும். நாத்தனாருக்கு வேண்டாதவர்கள், ஷர்மினிக்கு வேண்டாதவர்கள், பக்கத்து முடிதிருத்தும் கடைப் பெண்களுக்கு வேண்டாதவர்கள் என்று எல்லாருக்கும் அந்த எண்தான் கொடுக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அதற்கு ஒரு செம்பருத்திப் படம்கூட உண்டு. காலையிலிருந்து அது அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த எண் செத்துவிடாமல் அவ்வப்போது டாப்-அப் போடுகிற வேலை எனக்கு வந்தது. புதிதாக வந்தவள் தலையில்தானே எல்லா வேலையும் விழும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பேராவூரணியில் கல்லூரிக்குப் போன காலத்தில் என் ஃபோனுக்குப் பணம் ஏற்ற நான் கடைக்குப் போனதே கிடையாது. பெண்பிள்ளை எண்ணைச் சொன்னால் அது நாலு பேர் கைக்குப் போய்விடும் என்று அண்ணன்தான் போவான். அப்படியும் ஒருநாள் எவனோ கூப்பிட்டு, "எந்த ஊருங்க?" என்றான். நான் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோது எடுத்தவர் அப்பா. அவர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஃபோனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். படிப்பு முடிகிறவரை அது வெளியே வரவில்லை. அவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தண்டனை மட்டும் எனக்குக் கிடைத்தது. அதனால்தான், "நம்ம ஃபோன் நம்மகிட்ட இருக்கும், அவனுங்களுக்கு இது போதும் லா" என்று ஷர்மினி முதன்முதலில் இழுப்பறையைத் திறந்து காட்டியபோது, என்னைவிடச் சின்னவளான அந்தப் பிள்ளைமேல் எனக்கு மரியாதையே வந்தது.

பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் குலை வெட்டுகிற ஒருவர், முட்டியில் கிழிந்த கால்சட்டைகளைக் கொண்டுவந்தார். பெயர் முருகேசன். வேலை பெர்மிட்டில் வந்தவர், தமிழ்நாடு. நான் உள்ளறையில் மிஷினில் இருந்தேன். ஷர்மினி வழக்கம்போல, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள். இங்கே அது வணக்கம் சொல்வது மாதிரி. தபால்காரரிடமும் கேட்பார்கள், கடன் கேட்டு வந்தவரிடமும் கேட்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் கடையில் நிற்கும் வயசுப்பெண் முன்பின் தெரியாத ஆணிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டாள். கேட்டால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் அவள்தானோ என்னவோ. கால்சட்டையை வாங்க வந்த அன்று எண் கேட்டார். ஷர்மினி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவர் அடித்துப் பார்த்தார், இழுப்பறைக்குள் மணி கேட்டது. சந்தோஷமாகப் போனார்.

அன்றிலிருந்து அந்த ஃபோனுக்குக் குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. ஆபத்தான ஆளா என்று பார்க்கத்தான் முதலில் கேட்டேன். "சாப்பிட்டியளா? இங்க நல்ல மழ. காடெல்லாம் ஒரே சகதியாக் கெடக்கு. வேல முடிய நேரமாயிருச்சு." அவ்வளவுதான். ஒரு தப்பான வார்த்தை கிடையாது. ஆனால் அந்த "சாப்பிட்டியளா" என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு அந்தச் சொல்லை இந்த ஊரில் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அவர் பேசியது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதன்பிறகு தேநீர் நேரத்தில் நாத்தனார் வெளியே போனதும் இழுப்பறையைத் திறப்பேன். எனக்கு வராத செய்திகளைக் காதில் வைத்துக் கேட்பேன். பதில் போட்டதில்லை. ஷர்மினியிடம் சொன்னதுமில்லை. அவள் பக்கம்தான் நியாயம், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. அவர் குரலைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. "நாளக்கி எனக்கு லீவு. கோல சிலாங்கூர் வர்றேன். கடையில விசாரிச்சு ஒங்க வீட்டுக்கே வந்து முறையாப் பேசிடுறேன்." இதை மறைக்க முடியாது. ஷர்மினியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். கடையால் ஒரு பேச்சு வந்தால் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இந்த மனிதர் போய் நின்றால் அடி விழும், பிறகு போலீஸ், பிறகு பெர்மிட் போய் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் அன்றோடு வீட்டில்தான்.

"பிளாக் பண்ணிட்டா?" என்றேன்.

"பிளாக் பண்ணாலும் நாளைக்கு வருவாருதானே. நீங்க பேசுங்க லா அக்கா, ஒங்க ஊர் ஆளுதானே." சற்று நின்று, "ஒங்க ஊர் ஆளுங்க ஏன் அக்கா இப்படி இருக்காங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த ஊர் ஆண்களைப் பற்றி என் அம்மா ஃபோனில் கேட்கும்போது வருகிற அதே களைப்புதான் எனக்கு வந்தது.

ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். என் பேச்சில் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியும். "அக்கா, நம்ம ஊரா?" என்பார். பிறகு ஷர்மினியை விட்டுவிட்டு அக்காவைப் பார்க்க வருவார். என் வீட்டு வாசலில் நிற்பார். அதை என் மாமியாருக்கு விளக்க இந்த ஆயுள் போதாது. அதனால் என் நாத்தனார் எப்படிப் பேசுவாரோ அப்படி, வாய்க்கு வாய் இந்த ஊர் 'லா' போட்டுப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"தம்பி, தையக் கடையிலேர்ந்து பேசுறேன். நீங்க நாளைக்கு வர வேணாம் லா. அந்தப் பிள்ளைக்கு இஷ்டம் இல்ல. அவ அண்ணனுங்க கோவக்காரனுங்க. போலீஸ் ரிப்போட் போட்டா ஒங்க பெர்மிட்டுக்குத்தான் பிரச்சன."

அவருக்குப் பின்னால் எங்கோ லாரி போவது கேட்டது.

"அதுதானங்க மொதல்ல சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

"நாங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்போம். சும்மா கேக்கிறது லா அது."

நாங்கள் என்று சொன்னது நான்தான். தடுமாறாமல் வந்தது. அவருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

"சரிங்க. தெரியாமப் போச்சு. அந்தப் பிள்ளயக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் வரல." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "எங்க ஊர்ல இப்படிக் கேட்டா வேற மாதிரிங்க. ஒங்களுக்குச் சொன்னாத் தெரியாது. இங்கயே பொறந்து வளந்தவங்க நீங்க."

வேலை முடிந்துவிட்டது. அவர் வரமாட்டார், ஷர்மினிக்கு ஒன்றும் ஆகாது. நான் வைத்திருக்கலாம். வைக்க மனம் வரவில்லை.

"எந்த ஊரு தம்பி?" என்றேன்.

"பேராவூரணின்னு ஒரு ஊருங்க. கேள்விப்பட்டிருக்க மாட்டிய."

"இல்ல," என்றேன். "எங்க இருக்கு அது?"

கேட்க ஆளில்லாமல் கிடந்தவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டுக்கோட்டையில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்க வேண்டுமாம். பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறுபடி டவுன் பஸ்ஸாம். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வெயிலே விழாதாம். நிறுத்தங்களை ஒவ்வொன்றாக, நான் நாளைக்கே போகப் போகிறவள்போல, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டு, பெட்ரோல் பங்கு, வாய்க்கால் பாலம். "அப்படியா," "அப்படியா," என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரைஸ் மில் வந்தது. அது எங்கள் நிறுத்தம். இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தால் எங்கள் வீடு.

"அப்படியா," என்றேன். அவர் பேச்சில் பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.