நாயை உள்ளே விடுவார்களா

கோலா குபு பாருவில் என் பூனைக்கு மருந்து வாங்க விலங்கு மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அந்த அம்மாவைப் பார்ப்பேன். கழுத்தில் சின்னச் சிலுவை, காலடியில் காது தொங்கிய கிழட்டு நாய். ஆஸ்திரேலியாவில் இருந்த மகன், நாயோடு அங்கேயே வந்துவிடும்படி அவரை அழைத்துக்கொண்டிருந்தான்.

நாய்க்கு மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை என்று மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போதும் அவர் தவறாமல் கேட்பார்: “இது சரியில்லாட்டி நாய உள்ள விட மாட்டாங்கதானே, டாக்டர்?” பாவம், எவ்வளவு கவலை என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாகப் பார்த்த அன்று பரிசோதனை முடிவு வந்திருந்தது. “நாய் பாஸ் லா, ஆன்ட்டி. இனி கொஞ்ச மாசம் பொறுத்தா கூட்டிட்டுப் போயிரலாம்,” என்றார் மருத்துவர்.

வாசலில் வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“மகன் கூப்பிடுறப்பெல்லாம், நாய விட்டுட்டு வர முடியாதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நான் இருக்கிற புக்கிட் பெருந்துங் வீட்ட வாங்கவும் ஆள் பாத்துட்டான். இனி எதச் சொல்றது?”

“வர விருப்பமில்லன்னு சொல்லிருங்களேன்.”

“பெத்த மகன்கிட்டயா?” என்று கேட்டபடி காரின் கதவைத் திறந்தார். நாய் முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தது.