குகன் அண்ணா யாருக்குக் கூ அடித்தார்

குகன் அண்ணா போய்விட்டார். நேற்று காலை வேலை முடிந்து சிட்னி ஹோம்புஷ் பிளாட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஹார்ட் அட்டாக் என்று அவருடைய ரூம்மேட் சொன்னார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை...

என் ஃபீட் முழுக்க அவர் படம். “எங்கள் டிரம் கோரின் நம்பர் ஒன் ரசிகர்” என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது யார் யார் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு சும்மா உட்கார முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: டிரம் கோர் என்பது டிரம்ஸ், ஊதும் வாத்தியங்கள், கொடிகள் எல்லாம் சேர்ந்து மைதானத்தில் நடந்தபடி வாசிக்கிற போட்டி. நடுவர்கள் மார்க் போடுவார்கள். நான் எங்கள் அணியில் ஸ்நேர் டிரம் வாசிக்கிறேன்.

ப்ராக்டிஸ் அவர் பிளாட்டுக்குப் பின்னால் உள்ள கார் பார்க்கில். முதல் நாள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தார். சண்டை போடத்தான்.

“நைட் ஷிஃப்ட் முடிச்சுப்போட்டு இப்பதான் படுத்தனான். ஆர் இந்தத் தகரம் தட்டுறது?”

பயந்துபோய் நிறுத்தினோம். அவரோ போகாமல் நின்றார்.

“சரி, அடிச்சதை முழுசா அடிச்சு முடியுங்கோ. அரைவாசியில விட்டா எனக்கு நித்திரை வராது.”

அடுத்த வாரம் உட்கார ஒரு கதிரையோடு வந்தார். அதன் பிறகு எந்த ஷோவையும் விட்டதில்லை.

அணி வாசிக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது என்பது இந்த உலகத்தில் எழுதாத சட்டம். அவர் டாய்லெட்டுக்குக்கூட எழ மாட்டார். சிப்ஸ் வாங்கிக்கொண்டு குறுக்கே வருகிறவரை, “இரும் ஐசே, பிள்ளையள் வாசிக்கினம்” என்று பிடித்து உட்கார வைப்பார்.

ஆனால் மார்க் அறிவிக்கும்போது... இரண்டு கையையும் வாயில் குவித்து, “கூஊஊ...” என்று கேலிக் கூச்சல். எங்களுக்குக் குறைந்தாலும் கூ. எதிரணிக்கு அநியாயம் நடந்தாலும் கூ. நடுவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெற்றோர் கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரும் ஐடி, பேங்க், ஹாஸ்பிடல். ஒருவரும் அவரைப் போல நைட் ஷிஃப்டில் பெட்டி தூக்குகிறவர் இல்லை. செயலாளர் என் அப்பா.

“குகன், இது ஃபேமிலி ஈவன்ட். கொஞ்சம் டீசன்ட்டா இருங்க.”

“அண்ணை, நான் மார்க் போடுறவைக்குத்தான் கூ அடிக்கிறன். வாசிக்கிற பிள்ளையளுக்கு அடிக்கிறேல்லை.”

குகன் அண்ணா இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். இத்தனை வருடமும் பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரை தற்காலிகமாகத் தங்க விடுவது. மனைவி வவுனியாவில். ஒரு போலீஸ் கம்ப்ளெயின்ட் வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். காலியாகக் கிடக்கும் தெருவில்கூட, பச்சை விளக்கு வரும்வரை கடக்க மாட்டார்.

பிறகு அந்த மெல்பன் ஷோ. ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு மைதானம். எங்கள் பெற்றோரோடு பஸ்ஸில் அவரும் வந்திருந்தார். நாங்கள் வாசித்து முடித்து, யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருந்தோம்.

மெல்பன் அணியில் ஒரு சின்னப் பெண் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. எங்கள் பெற்றோர் பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம். சிரிப்பு. “பை பை” என்று ஒருவர் கையாட்டினார்.

குகன் அண்ணா எழுந்துவிட்டார். அணி இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

“ஆரது கூ அடிச்சது? உங்கட பிள்ளை விழுத்தினாலும் இப்பிடித்தான் அடிப்பியளோ? வெக்கமில்லை?”

“உக்காருங்க குகன். சீன் போடாதீங்க” என்றார் அப்பா. அவர் உட்காரவில்லை. யாரோ செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். ஊளையிட்டவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா ஃபோனை எடுத்தார். போகாவிட்டால் போலீஸுக்கு அடிப்பேன் என்றார்.

“அப்பா, அவர் பிரிட்ஜிங் விசாவில இருக்கார்.”

“அது அவருக்குத் தெரியாதா? கத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

அது குகன் அண்ணாவுக்குக் கேட்டது. முகம் மாறியது. ஜாக்கெட்டை எடுத்தார். “பிரச்சினை வேண்டாம் பிள்ளை. நான் வாறன்.” செக்யூரிட்டி ஆள் கேட் வரைக்கும் கூடவே நடந்தார், ஏதோ திருடியவரை வெளியே விடுவது போல.

முடிவு அறிவித்தார்கள். எங்களுக்கு முதலிடம். எங்கள் பக்கம் முழுக்கக் குதித்தது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கார் பார்க்கிலிருந்து, ஒற்றைக் குரல்... “கூஊஊஊ...”

அப்பாவுக்கும் கேட்டது. திரும்பவில்லை.

வாட்ஸப் குரூப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ப்ராக்டிஸுக்கும் வர வேண்டாம் என்று தகவல் போனது. பால்கனியில் நின்று பார்ப்பார், சத்தமே இல்லாமல். ஒருநாள் கடையில் என் கண்ணில் பட்டார். “டிக்கெட் வாங்கிட்டு வந்தா யார் தடுக்க முடியும், வாங்கண்ணா” என்றேன்.

“விசா வரட்டும் பிள்ளை. பிறகு பார், உங்கட அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து அடிக்கிறன்.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

விசா வரவில்லை.

இன்று காலை கமிட்டி அறிவிப்பு. அடுத்த ஷோவில் அவருக்காக ஒரு நிமிட மௌனம். டைப் செய்தது அப்பா. டைனிங் டேபிளில், எனக்கு எதிரே உட்கார்ந்து.

“உயிரோட இருந்தப்பவும் அவர்கிட்ட அதைத்தானேப்பா கேட்டீங்க?”

“வேற என்னம்மா பண்ணச் சொல்றே?” ஃபோனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

எனக்கும் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன செய்வேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

போயிட்டு வாங்கோ, குகன் அண்ணா. சத்தமாகவே போங்கோ. இனி யாரும் போலீஸைக் கூப்பிட முடியாது.