ஒன்றேகால் மணிக்கு வரவேண்டிய புறா

19-7-1997, சனிக்கிழமை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. பின்பக்கம் என் கையெழுத்து: 'தும்கூர் பக்கம் 60 கி.மீ., 45 நிமிடம். கோலார் பக்கம் 60 கி.மீ., 90 நிமிடம். காற்று 20. சென்னை 290. ஏழேகால் மணி நேரம்.' விடைக்குக் கீழே இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் சரியாக வந்துவிட்டது என்றால் போடுவோமே, அந்தக் கோடு.

கணக்கைக் கேட்டவர் என் அக்காவின் கணவர். லேத் பட்டறையில் வேலை. விவேக் நகர் வீட்டு மாடியில் பந்தயப் புறாக்கள் வளர்த்தார். பந்தயமெல்லாம் தை, மாசியில்தான். ஆடிக் காற்றில் யாரும் புறாவைத் தொலைதூரத்தில் திறந்துவிட மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் சிவாஜிநகரில் தீனி வாங்கப் போன இடத்தில், இன்னொரு புறாக்காரர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "உம் பொட்டை மெட்ராஸ்லேர்ந்து வரணும்னா டிக்கெட் எடுத்து ரயில்ல ஏத்திடுண்ணா." மாமா அங்கே சிரித்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"மச்சான், லெக்க போட்டுச் சொல்லு. இருட்டறதுக்குள்ள வந்துருமா?"

இருட்டினால் புறா பறக்காது. தெரியாத ஊரில் எங்காவது உட்கார்ந்துவிடும். மீதியைப் பூனை பார்த்துக்கொள்ளும். அதனால் அந்தக் கேள்விதான் முக்கியம். எனக்கோ கணக்கு என்றால் ஆசை. அந்த மாதத்தில் இங்கே காற்று மேற்கிலிருந்து வீசும். மாமா சோதனைக்காகப் புறாவைத் தும்கூர் பக்கத்திலிருந்து விட்டபோது காற்று தள்ளியது, மணிக்கு எண்பது கிலோமீட்டர். கோலார் பக்கத்திலிருந்து விட்டபோது எதிர்த்தது, மணிக்கு நாற்பது. ஆக, புறாவின் சொந்த வேகம் அறுபது, காற்றின் வேகம் இருபது. சென்னையிலிருந்து வருவதும் எதிர்காற்றில்தான். காலை ஆறுக்கு விட்டால் பகல் ஒன்றேகாலுக்கு வந்துவிட வேண்டும். "அப்புறம் என்ன, சாயந்தரம் வரைக்கும் டைம் கெடக்குது!" என்று மாமா என் தோளில் தட்டினார்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். குஞ்சு பொரித்துப் பத்து நாளான பெட்டையைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். புறாக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை அது. கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் வழியில் எங்கும் நிற்காது.

27-ஆம் தேதி, ஞாயிறு. முந்தின இரவு ரயிலில் கூடையோடு சென்னைக்குப் போன மாமாவின் நண்பர், காலை ஆறுக்குத் திறந்துவிட்டதாகத் தெருமுனைக் கடைக்குப் போன் செய்தார். நாங்கள் பன்னிரண்டு மணிக்கே மாடிக்குப் போய்விட்டோம். காலையில் லேசாக இருந்த காற்று அதற்குள் வேறாகிவிட்டிருந்தது. கொடியில் கிடந்த போர்வை படுக்கைவாட்டில் நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தும்கூர், கோலார் இரண்டு சோதனையும் காலை ஒன்பதுக்கு முன்னால் நடந்தவை. நாள் முழுக்க அதே காற்றுதான் வீசும் என்று நானாக எடுத்துக்கொண்டிருந்தேன். காற்று இருபதல்ல, நாற்பது என்றால் அவள் வேகம் இருபதுதான். வழியில் இருப்பவளுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

ஒன்றேகால் ஆனது. மூன்று ஆனது. மாமா தீனி டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி விசிலடித்தார். அந்தச் சத்தத்தைக் காற்று கிழக்கே, அவள் இருந்த திசைக்கே, வாரிக்கொண்டு போனது. பூசை முடிந்து கோயிலிலிருந்து பத்து மணிக்கே வந்துவிட்ட அக்கா, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, மேலே ஏறி வந்தாள்.

"கணக்குப் போட்டவன் நீதானேடா? எப்ப வரும்னு சொல்லேன்."

"அவன என்னாத்துக்குக் கேக்கற? கூடைல போட்டது நானு" என்றார் மாமா.

ஏழு மணிக்கு எதுவும் தெரியவில்லை. குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. ஆண் புறா ஊட்டியது, போதவில்லை. மாமா பாசிப்பயறை ஊறவைத்து ஒவ்வொன்றாக அலகைத் திறந்து போட்டார். நான் டார்ச் பிடித்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மூன்றாம் நாள் சின்னக் குஞ்சு செத்தது. பெரியது பிழைத்துக்கொண்டது.

வழியிலுள்ள ஊர்களில் தெரிந்த புறாக்காரர்களுக்கெல்லாம் மாமா கார்டு போட்டார். ஆம்பூரிலிருந்து மட்டும் பதில் வந்தது: ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு புறா வந்து உட்கார்ந்தது, காலில் வளையம் இருந்தது, எண்ணைப் பார்க்கவில்லை, விடிந்து பார்த்தால் இல்லை. மாமா அதைச் சட்டைப்பையில் வெகுநாள் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீ எடுத்து வை" என்றார். அதற்குப் பின் என்னிடம் அவர் எந்தக் கணக்கும் கேட்டதில்லை.

ஏழு வருடமாகிறது. நேற்று அந்தக் கார்டையும் காலண்டர் தாளையும் பக்கத்தில் வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து ஆம்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். பதினொரு மணி நேரம். மணிக்குப் பதினைந்து சொச்சம். அப்படியானால் காற்று நாற்பத்துநாலு. அவள் வழியில் எங்கும் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்த விடை. தொட்டிமேல் உட்கார்ந்தது அவள்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. இந்த விடைக்குக் கீழே நான் கோடு போடவில்லை.