ரெண்டு பை மண்ணும் ஒரு பிளாக் கீரையும்

“...ரெண்டு மழக்காலம் முழுசா அடிச்சி ஓஞ்சாச்சி தங்கச்சி, இன்னும் என்னா இருக்கும் அதுல? இருவது வருசமா மைன்ஸ்ல தண்ணி எறச்சிகினு இருக்கேன். தண்ணி போற எடத்துக்கு எல்லாமும் போயிடும்!”

பக்கத்து குவார்ட்டர்ஸ் அண்ணன் சொல்லிவிட்டு, முளைக்கீரைக் கட்டை என் வாசலில் வைத்தார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டுத்தான் சட்டையையே கழற்றுவார். “சும்மா குடுத்தாதான் கீரைக்கு ருசி” என்பார்.

வெளியூர் லாரி ஒன்றில் வந்த சாக்கடை வண்டலைத் தோட்டத்தில் எருவாகக் கொட்டியிருந்தார். அதில் நச்சு உலோகம் இருக்கலாம் என்று யாரோ சொல்ல, மழை கழுவட்டும் என்று ரெண்டு வருஷம் ஒன்றும் விதைக்கவில்லை. போன மாசம்தான் விதைத்தார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

எனக்கோ மனசு கேட்கவில்லை. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தினமும் கீரைதான். நான் மண் சோதிக்கிற கூடத்தில் மண் இடித்துச் சலிக்கிறவள். படித்ததெல்லாம் அங்கே கேட்டுக் கேட்டுத்தான். அவரையே தோண்டச் சொல்லி, மேல்மண் ஒரு பை, முழங்கை ஆழத்து மண் ஒரு பை கொண்டுபோயிருந்தேன். அன்றைக்குத்தான் முடிவு வந்தது.

“அடிமண்ணு சுத்தம்ணே. எல்லாம் மேல ஒரு சாண்லயே நிக்குது. காட்மியம்னு ஒரு உலோகம். அது உப்பு மாதிரி கரைஞ்சி ஓடாதாம், மண்ணையே புடிச்சிக்குமாம். நம்ம செம்மண்ணு வேற புளிப்பு, அமில மண்ணு. அதனால வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுத்துடுது. கீழ போவலண்ணே, இலைக்கு ஏறுது.”

அவர் சிரிப்பு நின்றது. “புள்ள தின்னுச்சே...”

“இதுவரைக்கும் தின்னதுக்குப் பயப்பட வேணாம்னாங்க எங்க லேப் மேடம். இனிமே வேணாம்னாங்க.”

அவர் வீட்டு உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்: “அப்பா, கீரை எங்க?”

“இன்னிக்கு ரசம்டா கண்ணு!”

சொல்லிக்கொண்டே என் வாசலில் வைத்த கீரைக்கட்டை எடுத்து அக்குளில் இடுக்கினார். அப்புறம் கொடுத்த வீடெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி, காரணத்தை மறைக்காமல் சொல்லித் திருப்பி வாங்கினார். மாடி வீட்டு அக்கா பாதி ஆய்ந்து வைத்திருந்தார். அதையும் தட்டோடு வாங்கிக்கொண்டு இறங்கினார்.