தீபாவளிக்கு முந்தின நாள் தாள்

செய்தி வந்தபோது நான் அடுத்த வருடத்து ஐப்பசியில் இருந்தேன். காலண்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் கணினித் திரையில் வரப்போகும் வருடத்தின் கடைசி மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும். தினசரித் தாளின் பின்பக்கத்தை வடிவமைப்பது என் வேலை. அந்தப் பின்பக்கத்துக்கான குறிப்புகளை எழுதுவது செல்வக்கனி அக்காவின் வேலை. ‘மழை பெய்தால் பல்லிக்குச் சுவர் வழுக்குமா?’ என்று ஒரு தாளுக்குக் கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு, பதிலை நாளைக்குத் தருகிறேன் என்று போயிருந்தார். அந்தத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் போன் அடித்தது.

“தம்பி, கனி போயிட்டாப்பா” என்றார் அவருடைய கணவர் தங்கராசு அண்ணாச்சி. “தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தா. டிரம்மு அம்புட்டையும் நெறச்சிட்டா. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு உக்காந்தவதான்.”

பல்லிக்கு இனி யார் பதில் சொல்வார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதுதான் தோன்றியது. போனை வைத்த பிறகு எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். இன்றுவரை அந்த இருப்புக்கொள்ளாமை போகவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் பெரும்பாலும் படிக்கப் போகிறீர்கள். அவர் பொறுமையின் வடிவம் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். அக்கா ஓர் இடத்தில் உட்கார்ந்து முழு டீ குடித்து நான் பார்த்ததில்லை. பாதி டீயில் ஏதாவது சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை எங்கோ வெளிநாட்டில் ஒரு பூனை தினமும் தபால்காரர் பின்னாலேயே போகிறது என்று ஒரு விநோதச் செய்தி கிடைத்தது. எனக்கு அது நான்கு வரி. அச்சுக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அக்காவுக்குத் தீரவில்லை. “ஞாயித்துக்கெழமை தபால் கெடையாதே தம்பி. அன்னைக்கு அந்தப் பூனை என்ன செய்யும்?” என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எனக்கும் அந்தப் பூனை நினைப்புதான்.

வீட்டுக்குறிப்புகள் விஷயத்தில் அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தன் வீட்டில் செய்து பார்க்காத எதையும் எழுத மாட்டார். “கேள்விப்பட்டதையெல்லாம் அடுத்த வீட்டுச் சொவத்துல கொண்டு போயி மாட்டக்கூடாது தம்பி” என்பார். இதனால் கஷ்டப்பட்டவர் தங்கராசு அண்ணாச்சி. எலுமிச்சம்பழத் தோலை வைத்தால் எறும்பு வராது என்ற குறிப்பைச் சோதிப்பதற்காக அவர்கள் வீட்டு அடுப்படியெங்கும் தோல் கிடந்தது. ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி கம்பெனிக்கே வந்துவிட்டார். “எங்க வீட்டு எறும்பு எலுமிச்சம்பழத்த ஊறுகா மாதிரித் தொட்டுக்கிடுது. இந்தக் குறிப்பை எடுத்துருங்கப்பா, நான் பொழைச்சிக்கிடுதேன்” என்றார். அக்கா எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எறும்புகள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் போகின்றன என்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் அதே அடுப்படி எறும்புகள்தான் உதவின.

ஒரு வருடம் முந்திப் போய் வாழ்கிறவர்களுக்கே வரக்கூடிய ஒரு தவறு அவருக்கும் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீடுகளில் ஆடி முடிந்ததும் அடுத்த வருடத்து மாதிரிக் காலண்டர் சுவருக்கு வந்துவிடும். அதைப் பார்த்து ஒரு புரட்டாசியில் அக்கா மகாளய அமாவாசை கும்பிட்டுவிட்டார். வீடெல்லாம் கழுவி, அண்ணாச்சியைக் கண்மாய்க்கு அனுப்பி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் செய்து, வாழைக்காயும் வடையுமாகச் சமைத்து, காக்கைக்கு இடம் துடைக்க மாடிக்குப் போயிருக்கிறார். மேற்கே வெள்ளை வெளேரென்று முக்கால் நிலா நின்றிருக்கிறது. “ஏங்க, அமாவாசைக்கு நிலா வந்துருக்குங்க!” என்று மேலிருந்தே கத்தினாராம். எவ்வளவு பெரிய இயற்கை அதிசயம் தன் வீட்டு மாடியில் நடக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டதாக என்னிடம் ஒத்துக்கொண்டார். பிறகுதான் காலண்டரின் வருடத்தைப் பார்த்திருக்கிறார். “எங்கப்பா மேலேருந்து இன்னும் கெளம்பவே இல்லையேடி, இலை யாருக்குப் போடுத?” என்று அண்ணாச்சி கேட்க, “சீக்கிரம் வந்தா சீக்கிரம் சாப்பிட்டுப் போகட்டும்” என்றாராம் அக்கா. காக்கைகள் வழக்கம்போல வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயின.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்விடலாம்தான். ஆனால் அவர் ஒரு விஷயத்துக்காகக் கடைசி வரை முட்டி மோதிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவருடைய தங்கை முத்துமாரி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குப் போகிறவர். சில வருடங்களுக்கு முன் கையில் வெடிமருந்து பட்டு எரிந்துவிட்டது. பெரிய விபத்து இல்லை, பேப்பரில் வரவில்லை. கூட இருந்தவர்கள் பதறிப்போய்க் கையில் கிடைத்த பற்பசையைப் பூசி, அதன்மேல் பேனா மையையும் ஊற்றி, வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் வழித்தெடுத்த நேரம் முழுக்க அக்கா தங்கையின் மறுகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தீ சுட்டப்ப அவ கத்தல தம்பி. பேஸ்ட்ட எடுக்கயிலதான் கத்துனா” என்று மட்டும் என்னிடம் சொன்னார். மறுநாள் வந்து உட்கார்ந்ததும் எழுதிய முதல் குறிப்பு, தீக்காயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது.

முதலாளி அதைப் பார்த்ததுமே திருப்பி வைத்துவிட்டார். அவர் நல்ல மனிதர், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “காலண்டருங்கறது மங்களப் பொருள்மா. நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் வருசம் பொறந்தன்னைக்குக் கையில குடுக்கிறது. அதுல தீயி, காயம், சாவுன்னு ஒரு எழுத்து வரக்கூடாது. லோடு ஏத்துன ஆர்டரு திரும்பி வந்துரும்.” அக்கா வாதாடவில்லை. அந்தக் குறிப்பையே ‘சமையல் குறிப்பு’ என்று தலைப்பு மாற்றி, ‘தோசை வார்க்கும்போது கை சுட்டுக்கொண்டால்’ என்று தொடங்கிக் கொடுத்தார். முதலாளி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தத் தோசை எங்கள் காலண்டரில் உண்டு.

அதோடு விட்டிருக்கலாம். இந்த வருடம் அவருக்குத் தோசை போதவில்லை. அடுத்த வருடத் தீபாவளித் தாளில் ‘மத்தாப்பு சுட்டால்’ என்று நேராகவே போட வேண்டும் என்றார். அன்று முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “சிவகாசியில அச்சடிக்கிற காலண்டர்ல, தீபாவளித் தாள்ல, பட்டாசு சுடும்னு போடணுமா? இந்த ஊர் எதைத் தின்னு உக்காந்திருக்கு?” என்றார். அக்காவும் விடவில்லை. “என் தங்கச்சியும் அதைத்தான மொதலாளி திங்கிறா. வெடி போடாதீகன்னா எழுதுதேன்? தண்ணியப் பக்கத்துல வைங்கன்னுதான எழுதுதேன்?” “பாப்போம்” என்று முதலாளி உள்ளே போய்விட்டார். தீபாவளித் தாளின் பின்பக்கத்தை நான் காலியாகவே விட்டிருந்தேன். அது காலியாக இருக்கும்போதே அக்கா போய்விட்டார்.

அவர் வீட்டில் அன்று கூட்டம் அதிகம். இழவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் எதிர்வீட்டிலிருந்து பெரிய தூக்குவாளியில் வரக்காப்பி கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாலையைச் சாத்திவிட்டு முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரோ எழுந்திருக்கும்போது தூக்குவாளி இடிபட்டுச் சரிந்தது. கொதிக்கக் கொதிக்கக் காப்பி முதலாளியின் வலது புறங்கையில் கொட்டிவிட்டது.

“யம்மா!” என்று கையை உதறியவர், “பேஸ்ட் இருக்கா? பேஸ்ட் கொண்டாங்க!” என்று கத்தினார்.

எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்க, அக்காவின் தலைமாட்டில் இருந்த முத்துமாரி எழுந்து வந்தார். அழுது வீங்கிய முகம். முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழாயில் தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அக்கா காலையில் நிறைத்த டிரம்கள் மூடி போட்டபடி வரிசையாக இருந்தன. முத்துமாரி ஒன்றைத் திறந்து, சொம்பில் மொண்டு, அந்தக் கையில் மெல்ல ஊற்ற ஆரம்பித்தார்.

“போதும்மா, எரிச்சல் கொறஞ்சிருச்சு” என்றார் முதலாளி கொஞ்ச நேரத்தில்.

“அசையாதீக. இருவது நிமிசம் ஊத்தணும்.”

“இந்த ஊர்ல இம்புட்டுத் தண்ணியவா கொட்டுறது?”

“கீழ வாளி வச்சிருக்கேன், வீணாகாது. செடிக்கு ஊத்திக்கிடுவோம். எங்கக்கா இதையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்துச்சாம், நீகதான் போடலையாம்.”

முதலாளி கையை அசைக்காமல் நீட்டியபடி நின்றார். முத்துமாரியின் முந்தானை விலகி, முழங்கைவரை சுருங்கிப்போன தோல் அவர் கண்ணெதிரிலேயே இருந்தது. உள்ளே ஒப்பாரி உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இருபது நிமிடம் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அக்காவைப் போலவே நடக்கிறேன் என்று தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து முதலாளி என் மேசைக்கு வந்தார். கை கொப்புளம் எழாமல் ஆறியிருந்தது, லேசான சிவப்பு மட்டும் இருந்தது. “அந்தத் தீபாவளித் தாளை எடு” என்றார். காலியாக இருந்த பின்பக்கத்தைத் திறந்து, அக்கா எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தார். “இது தீபாவளித் தாள்ல வேணாம்லே” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அத்தனையும் பார்த்துவிட்டு வந்தும் இந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று வேலையையே விட்டுவிடத் தயாராக எழுந்து நின்றேன்.

“உக்காரு. இத்தனை வருசம் காலண்டர் போடுத, ஒனக்கும் தெரியல, எழுதுன அந்தப் பிள்ளைக்கும் தெரியல. தீபாவளித் தாளை எவன்லே தீபாவளியன்னைக்குக் கிழிக்கான்? மறுநாள் காலையிலதான கிழிப்பான். அப்பத்தான பின்பக்கத்தப் பாப்பான். சுட்டுக்கிட்ட பெறகு படிச்சு என்ன செய்ய? முந்தின நாள் தாள்ல போடு. விடிஞ்சதும் கிழிக்கிறவன் கையில அதுதான் இருக்கும்.”

முந்தின நாள் தாளில் அதிரசப் பக்குவம் இருந்தது. அதைத் தூக்கித் தீபாவளித் தாளில் போட்டேன். அக்கா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு, இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று அன்று முழுவதும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

தாள் அச்சாகிவிட்டது. கட்டுக்கட்டாகக் கிடங்கில் இருக்கிறது. ‘மத்தாப்பு சுட்டால்’ என்றே இருக்கிறது. இதோடு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாங்கள் எப்போதும் ஒரு வருடம் முந்தி இருப்பவர்கள் அல்லவா? அந்தத் தாள் கிழிபடப் போவது அடுத்த தீபாவளிக்கு. அதற்கு முன்னால் இந்தத் தீபாவளி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது தொங்கும் காலண்டரில் வெறும் தோசைதான் இருக்கிறது. அதுவும் தை மாதமே கிழிந்து போயிருக்கும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், இந்தப் பொறுக்க முடியாமைதான். நேற்று வீட்டுச் சுவரில் நானே தண்ணீர் தெளித்துப் பல்லி வழுக்குகிறதா என்று பார்த்தேன். அது டியூப்லைட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டது. மனைவி திட்டினாள். மறுபடியும் தெளித்துப் பார்ப்பேன். ஆனால் மத்தாப்புக்கு அடுத்த வருடம் வரை காத்திருக்க என்னால் ஆகாது. அதனால் நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னவர்கள் எனக்குக் கொடுத்த இந்தப் பக்கத்திலேயே, அக்கா எழுதியதை அவர் எழுதியபடியே கொடுத்துவிடுகிறேன். இதைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘மத்தாப்பு சுட்டால் பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். குழாய் இல்லையென்றால் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். கீழே ஒரு வாளி வைத்தால் தண்ணீர் வீணாகாது. பிறகு சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். எனவே விடிந்ததும் முதல் வேலையாக ஒரு டிரம்மை நிறைத்து வையுங்கள். மத்தாப்பை அப்புறம் கொளுத்தலாம்.’