இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு லேப்டாப்பும்

போன திங்கட்கிழமை காலை லேப்டாப்பை ஆன் செய்தேன். ஆன் ஆனது!

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஐ.டி.யில் வேலை பார்க்கும் இரண்டு மாப்பிள்ளைகள் இல்லை... அதனால்தான் கேட்கிறீர்கள்.

மூத்தவர் அருள். தூத்துக்குடிக்காரர், அம்பத்தூரில் ஃபிளாட். இளையவர் பிரவீன். பிறந்து வளர்ந்தது ஆவடி, இப்போது வாசம் பூந்தமல்லி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவரும் குடும்பத்தோடு அண்ணனூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள். சகலைகளுக்குள் சொத்துத் தகராறு கிடையாது, அரசியல் தகராறு கிடையாது. ஒரே தகராறு — எந்த லினக்ஸ் ஸ்திரமானது?

லினக்ஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஆபரேட்டிங் சிஸ்டம். யாரும் திருத்தலாம் என்பதால் அதில் ஏகப்பட்ட வகைகள். பெயர்களை எழுத மாட்டேன். எழுதினால் அந்தந்த ரசிகர்கள் ஆசிரியருக்கு மெயில் போடுவார்கள். அருள் வகை, பிரவீன் வகை என்று வைத்துக்கொள்வோம்.

அருள் வகையில் எல்லாம் ரொம்ப நாள் சோதித்துப் பார்த்த பழைய சரக்கு. “புதுசா ஒண்ணும் வராது மாமா. அதனால கெடவும் கெடாது, பாத்துக்கிடுங்க” என்பார். பிரவீன் வகையில் தினமும் அப்டேட். “அது இன்னா மாமா, ஊறுகா மாரி போட்டு வச்சிகினு! ஓட்டை வந்தா அன்னிக்கே அடைக்கணும். அதான் ஸ்டெடியா நிக்கும்” என்பார் இவர்.

லேப்டாப் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

யாருடையதைப் போடுவது? கம்ப்யூட்டர் அறிவுக்கு இதில் வேலையே இல்லை. இது மாப்பிள்ளை மரியாதை! கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கு எடுக்கிற அதே விலையில்தான் இன்னொருவருக்கும் சட்டை எடுப்போம். ஆகவே ஹார்ட் டிஸ்கைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டையும் போட்டார்கள். ஆன் செய்ததும் கறுப்புத் திரை வந்து, இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும்.

அங்கேதான் வந்தது வினை. அந்தத் திரையில் யாருடையது முதலில் வர வேண்டும்? கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதைவிடப் பெரிய பஞ்சாயத்து இது. பிரியாணி முடிந்ததும் அருள், “ஒரு நிமிஷம் செக் பண்ணிடுதேன் மாமா” என்று உள்ளே போய்த் தன்னுடையதை மேலே ஏற்றுவார். அவர் பால்கனிக்கு நகர்ந்ததும் பிரவீன், “சும்மா ஒரு அப்டேட் மாமா” என்று போய் அதைக் கீழே இறக்குவார். சாயங்காலத்துக்குள் பலமுறை ஆட்சி மாறும்.

விளைவு? திங்கட்கிழமை இரண்டுமே திறக்காது. இருட்டுத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் இந்த வாராந்தரப் பத்தி பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும் ஐயா! முதல் வாரம் செல்போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி மாலையில் அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னும் தாமதம். ஆசிரியர் குரலை உயர்த்தாத மனிதர். “இன்னொரு தடவை லேட்டானா அந்த இடத்துல சமையல் குறிப்பு போட்டுடுவோம் சார். ரெடியா இருக்கு” என்றார். வாசகர்களே, உங்களுக்கும் எனக்கும் எத்தனை வருடப் பழக்கம்! அதைப் போய் ஒரு வெண்டைக்காய்ப் பச்சடியிடம் பறிகொடுப்பதா?

மாப்பிள்ளைகளிடம் புகார் சொல்ல முடியுமா? ஒருவரிடம் சொன்னால் இன்னொருவர் தலையில் போடுவார். அப்புறம் மகள்கள் போன் செய்வார்கள். “ஏம்ப்பா, எல்லார் முன்னாடியும் அவரை அப்படிச் சொன்னீங்க?”

ஆகவே ரகசியமாக ஸ்டேஷன் பக்கத்துச் சர்வீஸ் கடைக்கு ஓடுவேன். கடைக்காரர் எப்படியோ எழுப்பிக் கொடுத்துவிடுவார். செவ்வாய் முதல் சனி வரை லேப்டாப்புக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. போன முறை அவர் சிரித்தார். “இன்னா சார், உங்க லேப்டாப்புக்கும் திங்கக்கெயமைன்னா ஆவாதா?”

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. திங்களுக்கு முந்தின நாள் ஞாயிறு அல்லவா! பாவம், லினக்ஸ் என்ன செய்யும்?

மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை எடுத்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைகள் தேடியபோது, “ரிப்பேருக்குப் போயிருக்கு மாப்ள” என்றாள். பூசை பார்த்துவிட்டு வந்த அதே வாயால்!

அருள் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். “யாரோடது மாமா படுத்துச்சு?”

“உங்களோடது இல்ல மாப்ள.”

சற்று நேரத்தில் பிரவீனும் ஓரங்கட்டினார். அவருக்கும் அதே பதில். இரண்டுமே உண்மைதானே? அன்று இருவர் முகத்திலும் அப்படி ஒரு பிரகாசம். அருள் பரிதாபப்பட்டு பிரவீன் தட்டில் ஒரு லெக் பீஸ் வைத்தார். பிரவீன் அதைவிடப் பரிதாபப்பட்டு அவருக்கு இன்னொன்று வைத்தார்.

மறுநாள் காலையிலேயே பத்தி போய்விட்டது. ஆசிரியர் பதறிப்போய் போன் செய்தார். “சார்... உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

ஆக, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஸ்திரமானது? நம்மேல் அக்கறை உள்ளவர்கள் கை வைக்காமல் விட்டது எதுவோ, அதுதான்.

இதை மாப்பிள்ளைகள் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்காகப் பயப்படுகிறீர்களா? கவலையே வேண்டாம். பத்தி எழுதும் லேப்டாப்புக்காக அத்தனை பாடுபட்ட அந்த இருவரும், பத்தியை இதுவரை ஒரு வாரம்கூடப் படித்ததில்லை!